பருவ நிறைவும் வீட்டு புராஜெக்ட்டும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. அரையாண்டுத் தேர்வைப் பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். விளையாட்டு விழா, கலைத் திருவிழா, திருக்குறள் ஒப்புவித்தல் என்று எல்லாவற்றிலும் பரிசு வாங்கினார்கள். வாங்கியவர்களுக்கும் கலந்துகொண்டவர்களுக்கும் வாழ்த்துகள். குடிநீர்க் குழாய்கள் சரிசெய்யப்பட்டுவிட்டன. மூன்றாம் பருவப் புத்தகங்கள் பள்ளி திறக்கும் அன்றே கொடுக்கப்படும்.

பள்ளிக்கு வந்தவர்கள் மாடிப்படி ஓரச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். ஓவிய ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து ஆத்தங்குடிப் பூவேலைத் தரைக்கல் போலவே ஆறு கட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல் இருக்கும்: நினைவுகூர், புரிந்துகொள், பயன்படுத்து, பகுத்துப்பார், மதிப்பிடு, படை. அழகாக இருக்கிறது என்று பலரும் படம் எடுத்துப் போனீர்கள், சந்தோஷம். ஆனால் அது அழகுக்காக மட்டும் வரைந்ததல்ல. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் சிந்தனையை ஆறு நிலைகளாக வகைப்படுத்தினார்கள். 2001-இல் ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோர் தலைமையில் அது திருத்தப்பட்டது. அப்போதுதான் ‘படைத்தல்’ உச்சிக்கு வந்தது. நம் சுவரில் இருப்பது இந்தத் திருத்திய வரிசை. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால், “இது மூணாவது படி சார்” என்று சொல்லும் அளவுக்குப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

கருவிகளும் இந்த வரிசைப்படிதான் வருகின்றன. முதல் படிக்கு ஸ்மார்ட் போர்டில் வினாடி வினா போதும். அளந்து கணக்குப் போட ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலி. சொந்தமாக ஒன்றை உருவாக்க ஸ்கிராட்ச் என்ற நிரல் எழுதும் செயலி. ஜியோஜீப்ராவைப் பள்ளிகள் காசில்லாமல் பயன்படுத்தலாம், ஸ்கிராட்ச் எல்லாருக்குமே இலவசம். ஆகவே எந்தச் செயலிக்கும் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

இனி, மனம்விட்டுப் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்புக்கு ‘நம் வீட்டு முற்றம்’ என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தோம். வீட்டில் முற்றம் இல்லாதவர்கள் உறவினர் வீட்டிலோ தெருவில் உள்ள பழைய வீட்டிலோ போய்ப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தோம். நான்கு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் உள்ள முற்றத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் விழும்? சித்திரை வெயிலிலும், முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் சேர்ந்த வளவுக்குள் ஏன் அவ்வளவு சூடு தெரிவதில்லை? புதிதாகக் கட்டும் கான்கிரீட் வீட்டில் இதில் எதைக் கொண்டுவரலாம்? படிக்குப் படி கேள்வி கடினமாகிக்கொண்டே போகும்.

வந்த சார்ட்டுகளில் பாதிக்கு மேல் கடையில் அச்சடித்தவை. வழவழப்பான தாள், கலர் படம், பிழையே இல்லாத தமிழ். பல நோட்டுகளில் ஒரே விடை, ஒரே சொற்கள், அதே வரிசையில் இருந்தன. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டதை மற்றவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிலவற்றைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்திருக்கிறது. தெர்மோகோலில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் வைத்து, விளக்குப் போட்டு ஒரு மாடலும் வந்தது. கொண்டுவந்த பையனிடம் “இதில் மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்?” என்று ஆசிரியர் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சார்ட்டுக் கட்டின் அடியில் ஒரு மாணவியின் சார்ட் இருந்தது. பென்சிலில் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தது. இருநூறு லிட்டர் என்று கணக்குச் சரியாகப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே, “அப்பத்தா அண்டா, குடம் எல்லாம் நிரம்பி வழியும் என்று சொன்னார்கள். கணக்குப் பத்தவில்லை. சுத்தி இருக்கிற ஓட்டுத் தண்ணியும் முற்றத்துக்குத்தான் வருது” என்று எழுதியிருந்தாள். நாங்கள் கேட்டது மூன்றாம் படிக் கேள்வி. யாரும் சொல்லாமலே அவள் நான்காம் படிக்கு ஏறிவிட்டாள். அந்த சார்ட்டை ஏன் அடியில் வைத்தாய் என்று கேட்டதற்கு, “மத்ததெல்லாம் நல்லா இருக்கு டீச்சர்” என்றாள். இந்தப் பருவத்தில் என்னை மிகவும் வருத்திய பதில் அது.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளை வந்து “நாளைக்கு சார்ட் வேணும்” என்றால் என்ன செய்வீர்கள்? இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் இருக்கின்றன. அப்பா சிங்கப்பூரில் இருந்துகொண்டு, அம்மா ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன. “பக்கத்து வீட்டுப் பிள்ளை அம்மாம் பெரிய மாடல் கொண்டுபோகுது, என் பிள்ளை வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?” என்று ஒரு தாய் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் இதையெல்லாம் செய்கிறீர்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான் என்பது அவனே எழுதினால்தான் ஆசிரியருக்குத் தெரியும். அவன் தப்பாக எழுதினால், எங்கே புரியவில்லை என்று அந்தத் தப்பே காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் திருத்தி அனுப்பினால் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழியில்லை. பத்தாம் வகுப்பில் யோசித்து எழுதும் கேள்வி வரும்போது கடைக்காரரும் உடன் வரமாட்டார், வாட்ஸ்அப் குழுவும் வராது.

ஆகவே மூன்றாம் பருவம் முதல் கடையில் வாங்கிய சார்ட், மாடல், பிரிண்ட் அவுட் எதுவும் ஏற்றுக்கொள்ளப்படாது. மதிப்பெண்ணும் கிடையாது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை. வகுப்புக் குழுவில் விடைகளைப் பதிவிடக் கூடாது. மீறினால் அந்தக் குழுவில் பள்ளி மட்டுமே செய்தி போடும்படி மாற்றிவிடுவோம். செயலி எழுதிய விடையைப் பிள்ளை பார்த்து எழுதி வந்தால், வகுப்பிலேயே உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கமும் சில மாற்றங்கள் உண்டு. சார்ட் வேலை இனிப் பள்ளியிலேயே, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையில் நடக்கும். தாள், கலர், பசை பள்ளியே தரும். கணினிச் செயலிகளும் ஆசிரியர் முன்னால்தான். புராஜெக்ட் பற்றிய தகவல் ஒரு வாரம் முன்பே உங்களுக்கு வந்துவிடும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை கேட்கும்போது கொஞ்ச நேரம் பேசுங்கள். அந்தக் காலத்தில் வீட்டில் மழைத் தண்ணீரை எப்படிப் பிடித்தார்கள், ஓலைக் கொட்டான் எப்படி முடைவார்கள், கண்டாங்கிச் சேலையில் எத்தனை கட்டம் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாத அப்பத்தாவுக்கும் ஐயாவுக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது. எழுதுவதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

சுவருக்குப் பெயிண்ட் வாங்கித் தந்தவர்களுக்கும், வீட்டுக் கதவைத் திறந்து பிள்ளைகளை முற்றம் அளக்க விட்டவர்களுக்கும் பள்ளியின் சார்பில் நன்றி. அளக்க வந்தவர்களுக்குப் பணியாரம் கொடுத்து அனுப்பியதாகவும் கேள்விப்பட்டேன். இப்படிப்பட்ட பெற்றோர்கள் கிடைத்ததால்தான் இவ்வளவு உரிமையோடு எழுத முடிகிறது.

விடுமுறைக்கு வீட்டுப்பாடம் எதுவும் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச விரும்பினால், பள்ளி திறந்த முதல் வாரம் மாலை நான்கு மணிக்கு மேல் என் அறையில் இருப்பேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்