சாகெட் கீரை பாட்டிகளுக்கு மட்டுமா? கென்யப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு மடல்

கென்யாவில் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டம் வகுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். நைரோபியில் வசிக்கும் தமிழன் நான். உங்கள் சத்துணவுப் பாடம் பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் சந்தையில் மனாகு வாங்கினேன், எங்கள் ஊர் மணத்தக்காளிக்கு நெருங்கிய சொந்தம். பக்கத்திலேயே சாகெட் கட்டுக்கட்டாக இருந்தது, எங்கள் வரப்போரம் தானாக முளைக்கும் நல்வேளையேதான். கீரைக்கார அம்மாவின் மகன், நான்காம் வகுப்பு, அதைக் காட்டி "இதெல்லாம் பாட்டிகள் சாப்பிடுவது" என்றான். வைட்டமின் ஏ எதற்கு, இரும்புச்சத்து எதற்கு என்று கேட்டால் மடமடவென்று ஒப்பிக்கிறான். அவன் அம்மா கையில் பிடித்திருக்கும் கீரைக்கட்டில்தான் அதெல்லாம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நாட்டுக்கீரை என்றாலே ஏழை வீட்டுச் சாப்பாடு என்று பல காலமாகப் பெயராகிவிட்டது. சின்ன வயதில் இறைச்சி, மீன், முட்டை ஒத்துக்கொள்ளாமல் இந்தக் கீரைகளைத் தின்றே வளர்ந்த மேரி அபுகுட்சா-ஒன்யாங்கோ, பிறகு ஜோமோ கென்யாட்டா பல்கலைக்கழகப் பேராசிரியராகி இவற்றை வயலுக்கும் சந்தைக்கும் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டார். தொடக்கப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு பாரம்பரிய உணவுகளைப் பதிவுசெய்த உங்கள் நாட்டு முயற்சியை 2021-ல் யுனெஸ்கோ, மரபுகளைக் காக்கும் நல்ல நடைமுறைகளுக்கான தன் பதிவேட்டில் ஏற்றியது. அதை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பள்ளிக்கு நாலு பாத்தி போதும். எங்கள் முளைக்கீரையின் இனமான தெரெரே விதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் பறித்துவிடலாம், ஒரே பருவத்துக்குள் பிள்ளைகளே விதைத்து, சமைத்து, சாப்பிட்டும் பார்த்துவிடுவார்கள். அப்புறம் மதியம் கிடைக்கும் கிதேரி. மக்காச்சோளமும் பீன்ஸும் வயிற்றை நிரப்பும், சரி, ஆனால் அந்தப் பீன்ஸின் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு உதவும், கூடவே குடிக்கும் டீ அதைக் கெடுக்கும் என்பதைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டே சொல்லித்தரலாமே!

துர்கானா மாதிரி வறண்ட பக்கத்தில் பாத்தி போடச் சொல்வது நியாயமில்லை, அங்கே பால், இறைச்சி, காட்டுப்பழம் என்று அவர்கள் சாப்பாட்டிலிருந்தே பாடம் தொடங்கட்டும்.

இன்னொன்று. சாகெட்டின் கசப்பு போகப் பால் விட்டு வேகவைக்கும் பக்குவம் அந்தப் பாட்டிகள் கையில்தான் இருக்கிறது. மாதம் ஒரு நாள், பஸ் காசு கொடுத்து, அவர்களை வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
நைரோபியிலிருந்து ஒரு தமிழன்