ஒரே கோப்பு, பல முகவரி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் நலம்.

பக்கம் மாறும்போதெல்லாம் உன் தளம் சற்று நேரம் வெறும் வெள்ளையாக நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அதே வியாதிக்காக நான் போன மாதம் மூன்று இரவு கண்விழித்தேன். படங்களைச் சுருக்கினேன், சர்வரையே மாற்றிவிடலாமா என்றும் நினைத்தேன். கடைசியில் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில், எந்தெந்தக் கோப்பு இறங்குகிறது என்று காட்டும் நெட்வொர்க் பட்டியலைத் திறந்துவைத்து ஒவ்வொரு பக்கமாகப் போனேன். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஒரே சிஎஸ்எஸ் கோப்பு, பிரிவு மாறும்போதெல்லாம் மறுபடி முழுசாக இறங்குகிறது!

கோப்பு ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும், பிரவுசருக்குத் தெரியாது. ஏற்கெனவே இறக்கியதைச் சேமித்துவைக்கும் கேஷில் அது தேடுவது முழு யூஆர்எல்லை, அதாவது முழு முகவரியை, வைத்து. நான் கோப்பின் பாதைக்கு முன்னால் சாய்கோடு போடவில்லை; அது இல்லாவிட்டால் பாதை அந்தந்தப் பிரிவிலிருந்தே கணக்காகும். அதனால் கட்டுரைப் பிரிவில் அதற்கு ஒரு முகவரி, படப் பிரிவில் வேறொரு முகவரி. எந்த முகவரியில் கேட்டாலும் அதே கோப்பைக் கொடுக்கும்படி சர்வரில் ஒரு ரீரைட் விதி வேறு. அது மட்டும் இல்லாதிருந்தால் ‘கோப்பு இல்லை’ என்னும் 404 பிழை வந்து அன்றைக்கே பிடிபட்டிருக்கும். சிஎஸ்எஸ் வந்து சேரும்வரை பிரவுசர் பக்கத்தை வரையாது, வெள்ளைத்திரை அதனால்தான்.

முன்னால் ஒரு சாய்கோடு சேர்த்தேன், சரியாகிவிட்டது. அந்த நிம்மதியை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

உன் விஷயத்தில் என் சந்தேகம் வேறு. கோப்பின் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு அந்த நொடியின் நேரத்தை ஒட்டுவது உன் பழக்கம். இன்னும் அப்படித்தான் என்றால், ஒவ்வொரு தடவையும் புது முகவரி. கேஷ் இருந்தும் பயனில்லை. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷை, அதாவது ஒரு சிறு அடையாளக் குறியீட்டை, கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடு. கோப்பு மாறினால் மட்டுமே பெயர் மாறும். பிறகு, கேஷில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ்-ஏஜை 31536000 நொடி, அதாவது ஒரு வருஷம், தைரியமாக வைக்கலாம். கோப்பின் பெயரைத் தாங்கிவரும் பக்கமான எச்டிஎம்எல்லுக்கு மட்டும் நோ-கேஷ் வை, ஒவ்வொரு தடவையும் பிரவுசர் சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும்; இல்லாவிட்டால் புதுப் பெயர் வாசகரைப் போய்ச் சேராது.

இன்றிரவே பார்த்துவிடு. டெவலப்பர் டூல்ஸில் கேஷை முடக்கும் பெட்டியில் டிக் இருந்தால் முதலில் எடுத்துவிடு. இரண்டாவது பக்கத்திலும் சிஎஸ்எஸ் முழுசாக இறங்கினால், இரண்டு பக்கத்திலும் காட்டும் முகவரிகளை எழுத்து மாறாமல் எனக்கு அனுப்பு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் நண்பன்