ஃபேன் சுற்றினால் மட்டும் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்தில் இடியும் மின்தடையும் கூடும்போது, பட்டனை அழுத்தினாலும் அசையாத மேசைக் கணினிகள் பழுதுபார்க்கும் கடைகளுக்கு வரிசையாக வருகின்றன. பல கடைகளில் நடக்கும் சோதனை ஒன்றுதான். எஸ்.எம்.பி.எஸ்., அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய குறைந்த வோல்ட் டி.சி.யாக மாற்றித் தரும் பவர் பெட்டியிலிருந்து போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித் துண்டால் சேர்க்கிறார்கள். ஃபேன் சுற்றியதும், "எஸ்.எம்.பி.எஸ். நல்லாத்தான் இருக்கு, போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய மாடலுக்குப் போர்டு, அதாவது மதர்போர்டு, எளிதில் கிடைக்காது. புதுப் போர்டு என்றால் பிராசஸரும் ராமும் கூடவே மாற வேண்டியிருக்கும். பவர் பெட்டியை மட்டும் மாற்றி முடித்திருக்கக்கூடிய வேலை, கணினியையே பழைய இரும்புக்குப் போடுவதில் போய் முடிகிறது.

அந்தச் சோதனை ஏன் போதாது? பச்சை ஒயர் வெறும் கட்டளைக் கோடு. அதைக் கறுப்போடு சேர்த்தால் பெட்டி இயங்கத் தொடங்கும், அவ்வளவே. ஃபேன் இழுப்பது ஓர் ஆம்பியரில் ஒரு சிறு பங்கு. கணினி உயிர்பெறும் நொடியில் ஹார்டு டிஸ்க் ஒன்றே 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். பிராசஸர் அதற்கும் மேல் கேட்கும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் வற்றிய பெட்டி ஃபேனைச் சுற்றிக் காட்டும், ஆனால் இந்தச் சுமை வந்ததும் படுத்துவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு: சில பழைய பெட்டிகள் சுமையே இல்லாமல் இயங்காது. அப்போது நல்ல பெட்டி செத்ததாகக் கணக்காகிவிடும்.

ஆகவே கனெக்டரைக் கழற்றாமல், போர்டில் செருகியபடியே அளக்க வேண்டும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகத்தில் தொட்டு, சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கம் ஒயர் நுழையும் துளைக்குள் விடுங்கள். இரண்டு ஒயர்களை ஒருசேரத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊதா. சுவர் ஸ்விட்ச் போட்டிருந்தால், கணினி அணைந்திருக்கும்போதும் அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் பவர் கார்டு, யு.பி.எஸ்., பெட்டியின் பின்புற ஸ்விட்ச் மூன்றையும் பார்த்த பிறகு பெட்டியைச் சந்தேகிக்கலாம். இந்த ஸ்டாண்ட்பை சர்க்யூட், சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை இரவும் பகலும் வேலை செய்வதால் பெரும்பாலும் அதன் கெபாசிட்டர்தான் முதலில் வற்றும். காலையில் பத்து முறை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது, சூடேறிய பிறகு தகராறு இல்லை என்ற புகாருக்கு அதுவே வழக்கமான காரணம்.

அடுத்து பச்சை. அணைந்த நிலையில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். இறங்கவே இல்லையா? பட்டனின் ஒயரைப் போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ஆன் ஆனால் பட்டன்தான் கெட்டது. பட்டன் சிக்கி அழுந்தியபடி நின்றால் நான்கு விநாடியில் கணினி தானே அணைந்துவிடும், இதையும் எஸ்.எம்.பி.எஸ். கோளாறு என்றே பலர் நினைக்கிறார்கள்.

பச்சை இறங்கியும் மற்ற ஒயர்களில் வோல்ட்டேஜ் வராவிட்டால், அல்லது ஃபேன் ஒரு துடி துடித்து நின்றால், எங்கோ ஷார்ட் இருக்கலாம். பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. பிளக்கைப் பிடுங்கி ஓரிரு நிமிடம் விட்டு, ஹார்டு டிஸ்க், டி.வி.டி. டிரைவ், கிராஃபிக்ஸ் கார்டு என ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

ஆன் ஆனதும் மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் இருக்கலாம். கணினிக்குக் கனமான வேலை கொடுத்துவிட்டு மீண்டும் அளந்து, மஞ்சள் எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பதே உண்மையான சோதனை. சாம்பல் நிற ஒயரையும் விட்டுவிடக் கூடாது. எல்லா வோல்ட்டேஜும் நிலைபெற்ற பிறகு அது 5 வோல்ட்டை ஒட்டி ஏறும். அது ஏறாத வரை போர்டு பிராசஸரை இயக்காது. ஃபேன்கள் எல்லாம் சுற்றி, திரையில் ஒன்றுமே வராத கணினியில் ராமைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்ப்பது சரிதான். போர்டைக் குறை சொல்லுமுன் இந்த ஒயரையும் அளந்துவிட வேண்டும். மல்டிமீட்டரில் பிடிபடாதது ரிப்பிள், அதாவது டி.சி. வோல்ட்டேஜில் கலந்து வரும் வேகமான ஏற்ற இறக்கம். அளவெல்லாம் சரியாக இருந்தும் கணினி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆனால், நல்லதென்று தெரிந்த வேறொரு பெட்டியை மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று யாரும் துணிய வேண்டாம். 230 வோல்ட் இணைப்பில் உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடாது. உள்ளே ஃபியூஸ் போயிருந்தால் கம்பி கட்டி ஓட்டுவது அதைவிட ஆபத்து. பெரும்பாலும் ஃபியூஸ் போனதே உள்ளே வேறு பாகம் ஷார்ட் ஆனதால்தான்.

புதிது வாங்கும்போது மேலே பெரிதாக அச்சிட்ட 450 வாட்டை நம்பாமல், பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 15 ஆம்பியர் என்றால் அந்தக் கோட்டில் கிடைப்பது 180 வாட்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினிக்கு அதுவே தாராளம். கார்டு உள்ளதற்குப் பெரும்பாலும் போதாது. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பெட்டியில் பழைய பெட்டியின் கேபிளைச் செருகவே கூடாது. பெட்டிப் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வந்து ஹார்டு டிஸ்க்கைக் கருக்கிவிடக்கூடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் சாக்கெட்டில் எர்த் இல்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பெட்டியை மாற்றி அது தீராது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்ய வேண்டும்.

வாசகர்கள் கடைக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும். போர்டு போய்விட்டது என்று சொன்னால், ஊதா, மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, சாம்பல் ஐந்திலும் போர்டில் செருகிய நிலையில் எவ்வளவு வந்தது என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. கணினி ஆய்வகம் வைத்திருக்கும் பள்ளிகளும், பழுதென்று ஓரம் கட்டிய கணினிகளை ஏலம் விடுமுன் இந்த அளவுகளைக் கேட்டுப் பெறலாம்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.