ராம்ஸ்டைனுக்குக் கிளம்பும் முன் வீடு வாங்க வேண்டாம்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்ந்தாற்போல ஜெர்மனியிலுள்ள ராம்ஸ்டைன் விமானப்படைத் தளத்துக்கு இடமாற்ற ஆணை வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. இருவருமே அமெரிக்க விமானப்படையில் இருப்பதால் ஒருவரை ஜெர்மனிக்கும் மற்றவரை ஜப்பானுக்கும் அனுப்பிவிடுவார்களோ என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார். கிளம்புவதற்குள் அமெரிக்காவில் சான் அன்டோனியோவில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாமா, இல்லையென்றால் ஜெர்மனியிலேயே வாங்கிவிடலாமா என்று நீ கேட்டிருந்தாய். வீட்டுக் கடன் ஆவணங்களோடு நாள்தோறும் புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்களைப் போன்ற மற்றத் தம்பதியருக்கும் உதவும் என்பதால், உன் சம்மதத்தோடு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சான் அன்டோனியோவை முதலில் எடுத்துக்கொள்வோம். 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் படைவீரர்களுக்குக் கிடைத்த வி.ஏ. கடனில் (அமெரிக்க முன்னாள் படையினர் நலத்துறை உத்தரவாதம் தரும் வீட்டுக் கடன்) முன்பணம் கட்டத் தேவையில்லை, கடன் தருபவரைக் காக்கும் தனியார் கடன் காப்பீட்டுக்கான செலவும் இல்லை; அது உங்களை ஈர்ப்பது இயல்புதான். ஆனால் அது குடியிருப்பவருக்கான கடன், வாடகைக்கு விடுபவருக்கானது அன்று. பத்திரம் முடிந்தபின் பொதுவாக 60 நாட்களுக்குள் அந்த வீட்டில் குடியேறுவோம் என்று நீங்கள் கையெழுத்திட வேண்டும். தற்காலிகப் போர்ப்பணிக்குப் போகிறவரை அந்த வீட்டில் இருப்பவராகவே கருதுவார்கள்; நிரந்தர இடமாற்றத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது. படைவீரர் ஊரில் இல்லாவிட்டாலும் அவருடைய வாழ்க்கைத்துணை குடியேறினால் போதும் என்ற விதியும் இருக்கிறது. உங்களைப் போலல்லாமல் ஒருவர் மட்டும் படையில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த விதி கைகொடுக்கும். இருவர் பையிலும் ஜெர்மனிக்கான ஆணை இருக்கும்போது அங்கே குடியேற யார் இருக்கிறார்கள்? உன்னோடு வேலை செய்பவர்கள் ‘கையெழுத்துப் போட்டுவிடு, யாரும் பார்க்க மாட்டார்கள்’ என்று சொன்னதாக எழுதியிருந்தாய். தெரிந்தே பொய்யான உறுதிமொழி தருவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஒரு வீட்டுக்காக உங்கள் சீருடையைப் பணயம் வைக்கக் கூடாது என்று அண்ணனாகக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

வேறு வகைக் கடன் வாங்கி இந்தச் சிக்கலைத் தவிர்த்தாலும் வரிச் சலுகையை இழப்பீர்கள். விற்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் சொந்த வீட்டில் குடியிருந்த தம்பதியருக்கு 5,00,000 டாலர் வரையிலான லாபத்துக்குக் கூட்டாட்சி வரி இல்லை. வெளியூர்ப் பணிக்குப் போகும் படையினர் அந்த ஐந்தாண்டுக் கணக்கை 10 ஆண்டுகள் வரை நிறுத்தி வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. அவ்வளவு பெரிய சலுகையும், ஒரு நாள்கூட நீங்கள் குடியிருக்காத வீட்டுக்குக் கிடைக்காது.

ஜெர்மனியில் வாங்குவதைப் பற்றி மாப்பிள்ளை போட்டிருக்கும் கணக்கு கெட்டிக்காரத்தனமானதுதான். வெளிநாட்டு வீட்டுப்படியான ஓ.எச்.ஏ., அமெரிக்காவில் நீங்கள் வாங்கும் உள்நாட்டு வீட்டுப்படியான பி.ஏ.எச். போல மொத்தமாகக் கைக்கு வந்து மிச்சமாகிற தொகை அன்று. உச்சவரம்புக்குள் உண்மையான வாடகை எவ்வளவோ அவ்வளவுதான் தருவார்கள், இருவர் சேர்ந்து இருந்தால் அந்த வாடகையைப் பங்கிடுவார்கள். சொந்தமாக வாங்கினாலோ வீட்டின் விலையை 120ஆல் வகுத்து வருவதை மாத வாடகையாக எடுத்துக்கொள்கிறார்கள். 3,60,000 யூரோ வீட்டுக்கு மாதம் 3,000 யூரோ என்று காகிதத்தில் வரும்போது யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். அதற்கும் அதே உச்சவரம்பு உண்டு என்பதை அவர் கவனித்தாரா என்று கேள்.

அந்தக் கணக்கில் வராத செலவுகளையும் பார். வி.ஏ. கடன் அமெரிக்காவிலும் அதன் ஆட்சிப்பகுதிகளிலும் மட்டுமே செல்லும் என்பதால், ஜெர்மானிய வங்கிக்குத்தான் போக வேண்டும். சம்பளம் டாலரில் வர, தவணை யூரோவில் போகும். ராம்ஸ்டைன் இருக்கும் ரைன்லாந்து-ஃபால்ட்ஸ் மாநிலத்தில் சொத்து மாற்று வரி 5 சதவீதம். நோட்டரிக்கும் பதிவுக்கும் சுமார் 2 சதவீதம். தரகர் வழியாக வாங்கினால் உங்கள் பங்காக வழக்கமாக 3.57 சதவீதம். அந்த 3,60,000 யூரோ வீட்டுக்கு இது மட்டும் சுமார் 38,000 யூரோ, இதில் ஒரு செங்கல்கூட உங்களுக்குச் சொந்தமாகாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அங்கே வழக்கமான பணிக்காலம் 36 மாதங்கள். அதற்குள் இந்தத் தொகையை ஈடுகட்டும் அளவுக்கு விலை ஏறினால்தான் கையைக் கடிக்காமல் விற்க முடியும். வட்டி நிர்ணயித்த கடனைப் பாதியில் அடைத்தால் வங்கி இழப்பீடும் கேட்கும். ஜெர்மனியில் வீட்டு விற்பனை ஒப்பந்தத்தை நோட்டரி முழுவதுமாக உரக்க வாசிக்க வேண்டும், மொழி தெரியாதவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லவும் வேண்டும். வாங்குபவரைக் காக்கத்தான் அந்த விதி. ஆனால் நோட்டரி இரு தரப்புக்கும் பொதுவானவர். இந்த வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று அவர் சொல்ல மாட்டார்.

ஆகையால் வாடகைக்கே போங்கள். ராம்ஸ்டைனுக்கு அருகிலுள்ள கைசர்ஸ்லாட்டர்ன் நகரைச் சுற்றியுள்ள ஊர்கள் அமெரிக்கப் படையினருக்கு வீடு விட்டுப் பழகியவை. சில வீடுகளில் சமையலறைக்குள் நுழைந்தால் சுவரிலிருந்து குழாய்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். முன்பு இருந்தவர் அலமாரி, அடுப்பு, தொட்டி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அது அங்கே வழக்கம்தான், ஆகவே வாடகையைப் பேசும் முன்பே சமையலறை உண்டா என்று கேட்டுவிடு.

வி.ஏ. கடன் வாங்க உங்களுக்குள்ள உரிமை மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடாது. அதைவிட முக்கியமாக, உங்கள் வீட்டில் அந்த உரிமை ஒன்றல்ல, இரண்டு. முன்பணம் இல்லாமல் முதல்முறை பயன்படுத்தினால் ஃபண்டிங் ஃபீ எனப்படும் வி.ஏ. கடன் கட்டணம் 2.15 சதவீதம், அடுத்த முறை 3.3 சதவீதம்; 3,50,000 டாலர் கடனில் இது 7,525க்கும் 11,550க்கும் உள்ள வித்தியாசம். திரும்பி வந்ததும் முதல் வீட்டை ஒருவர் உரிமையில் மட்டும் வாங்குங்கள். அடுத்த ஊருக்கு மாற்றலாகும்போது மற்றவர் உரிமை முதல்முறைக் கட்டணத்திலேயே காத்திருக்கும். வாங்கும் நேரத்தில் ஒருவர் இன்னும் ஜெர்மனியில் இருந்தால், தளத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் அந்த வீட்டையும் கடனையும் குறிப்பிட்டே, அவர் சார்பில் மற்றவர் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். கடனுக்கு உரியவர் நேரில் இல்லாவிட்டால், கையெழுத்தாகும் வேளையில் அவர் உயிரோடு நலமாக இருக்கிறார் என்ற உறுதியைக் கடன் தருபவர் கேட்பார். அம்மாவிடம் இதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை.

ராம்ஸ்டைனில் இறங்கியதும் தளத்தின் வீட்டு வசதி அலுவலகத்துக்குப் போ. அவர்கள் பார்க்காத எந்த வாடகை ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதே. இடமாற்ற ஆணையைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க அமெரிக்காவில் தனிச் சட்டம் உண்டு, ஜெர்மானிய வீட்டு உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. அதனால் அந்த விதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அட்வான்ஸாக மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் அவர் கேட்கவும் முடியாது. ஒப்பந்த நகல் வந்ததும் எனக்கு அனுப்பு. மாப்பிள்ளையின் கணக்கையும் சேர்த்து அனுப்பச் சொல், உட்கார்ந்து வரிக்கு வரி பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்