மூன்றரை சென்ட்டும் 28 ஹெக்டேரும்

ப்ரூல், ஜெர்மனி
ஞாயிறு இரவு

மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குச் சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. மேஸ்திரி போட்டுக் கொடுத்த படத்தை நாலைந்து முறை பார்த்தேன். மூன்றரை சென்ட் மனையில் வீடு, கிணறு, வேப்பமரம் எல்லாம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. மேற்கே இருக்கிற காலி மனையை அந்த மனுஷர் விற்க மாட்டேன் என்கிறார். பையனுக்கு ஓர் அறை வேண்டும், அம்மா படி ஏறாமல் இருக்கக் கீழேயே ஒரு குளியலறை வேண்டும். "இடமே இல்லாத இடத்தில் எப்படிடா கட்டுவது, நீ இன்ஜினியர்தானே?" என்று கேட்டிருந்தாய். நான் பம்ப் கம்பெனிக்காரன். செங்கலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் இடமில்லாமல் கட்டியே பேர் வாங்கிய கூட்டம் ஒன்று என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கிறது. நேற்றுகூட அங்கேதான் இருந்தேன்.

ஃபன்டாசியாலண்ட் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? 1967-ல் திறந்த கேளிக்கைப் பூங்கா. அதற்கு முன் அந்த இடம் பழுப்பு நிலக்கரி தோண்டிய சுரங்கம். இந்த வட்டாரமே அப்படித்தான். தோண்டி முடித்த பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து ஏரி ஆகிவிட்டது, சுற்றிலும் மரம் நட்டுக் காடாக்கிவிட்டார்கள். பூங்காவின் மொத்தப் பரப்பு சுமார் 28 ஹெக்டேர், நம் கணக்கில் 69 ஏக்கர். நீ பிள்ளைகளைக் கூட்டிப்போன, சென்னைப் பக்கம் இள்ளலூரில் இருக்கும் வொண்டர்லா பூங்கா 64 ஏக்கர்தானே? ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். ஆனால் அங்கே வாசலில் இறங்கியதுமே "என்னடா இவ்வளவு வெட்டவெளி" என்று தோன்றியதாக எழுதியிருந்தாய். இங்கே அந்த எண்ணம் வரவே வராது. ஒரு பக்கம் குடியிருப்பு, ஒரு பக்கம் சாலை, மேற்கே பாதுகாக்கப்பட்ட காடு. நடுவில் ஏழெட்டு ரோலர் கோஸ்டர்கள், ஹோட்டல்கள், தெருக்கள், குளம் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. நம் ஹாஸ்டல் டிரங்குப் பெட்டி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மேற்குக் காட்டுக்குள் கொஞ்சம் நிலம் கேட்டுப் பூங்கா பல வருஷமாக மல்லுக்கட்டுகிறது. ஊர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் விடவில்லை. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. அந்தக் காடே பழைய சுரங்கத்தின்மேல் முளைத்ததுதான். ஆனாலும் நாற்பது ஐம்பது வருஷம் நின்ற மரத்தை வெட்டுவதற்கு யார் முன்வருவார்கள்? உன் வேம்பு மாதிரி. நீ அதை வெட்டுவதாகச் சொன்ன வரியை மட்டும் என் மனைவி இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரோலர் கோஸ்டருக்கு ஏன் இவ்வளவு இடம் வேண்டும் என்று பிளஸ் ஒன் இயற்பியலை வைத்தே சொல்லிவிடலாம். வளைவில் திரும்பும்போது நம்மைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற வண்டியில் நம் எடையைப்போல மூன்று மடங்கு விசைக்குள் திரும்ப வேண்டுமானால் வளைவின் ஆரம் ஆறரை மீட்டர் போதும். 100 கிலோமீட்டரில் போனால் 26 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, இடம் நாலு மடங்கு. அதனால்தான் பெரிய வண்டி என்றாலே பரந்த மைதானம் என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், முதலில் பள்ளத்தில் இறங்கினார்கள். ப்ளாக் மாம்பா என்று ஒன்று, 2006-ல் வந்தது. தண்டவாளம் தலைக்கு மேலே, கால் கீழே தொங்கும். வொண்டர்லாவில் உன் பையன் ஏறி வந்து மூன்று நாள் அதையே பேசினானே தஞ்சோரா, அதே ரகம், அதே சுவிஸ் கம்பெனி. ஆனால் இங்கே அது ஊரை அண்ணாந்து பார்க்க வைப்பதில்லை. குழிக்குள்ளும் சுவர்களுக்கு நடுவிலும் ஓட்டல் ஜன்னலை ஒட்டியும் போகிறது. கால் எங்கேயாவது இடித்துவிடும் என்று நான் மடக்கிக்கொண்டே இருந்தேன். மகள் சிரித்தாள். உயரமான கோஸ்டரில் தரை தூரத்தில் இருப்பதால் வேகம் அவ்வளவாகத் தெரியாது. சுவர் முகத்தருகே ஓடினால் 80 கிலோமீட்டர் 150 மாதிரி இருக்கும். மதுரை தமுக்கம் மைதானத்தில் மரணக் கிணறு பார்த்தோமே, அந்தச் சின்ன மரத்தொட்டிக்குள் பைக் சுற்றியபோது வயிற்றில் பிசைந்ததே, அதுபோலத்தான்.

இந்தக் குழி தோண்டும் யோசனை இவர்களுடையது இல்லை. இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் என்று ஒரு பூங்கா. அங்கே மர உச்சிக்கு மேலே எதுவும் தலைகாட்டக் கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் 1994-ல் நெமிசிஸ் என்ற கோஸ்டருக்காகப் பாறையைப் பிளந்து பள்ளம் ஆக்கினார்கள். வண்டி அந்தப் பாறை இடுக்கில் புகுந்து புறப்படும். நான் அங்கே ட்ரெய்னிங்குக்குப் போயிருந்த சமயம் ஒரு சனிக்கிழமை ஏறினேன். அருகில் நின்றால் இரைச்சல்தான் முதலில் வரும், வண்டி அப்புறம் கண்ணில் படும். 28 வருஷம் ஓடியபின் 2022 நவம்பரில் நிறுத்தி, தண்டவாளத்தைப் புதிதாகப் போட்டு 2024 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். இடத்தை மாற்றவில்லை, பாதையும் கிட்டத்தட்ட அதேதான். அந்தப் பள்ளத்துக்கென்றே பிறந்த பாதை அது. வேறு எங்கே தூக்கி வைத்தாலும் சாதாரண வண்டியாகிவிடும்.

இதில் உனக்குப் பயன்படுகிற ஒன்று அமெரிக்காவில் நடந்தது. சீடார் பாயின்ட் என்ற பூங்கா ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் நாக்கு மாதிரியான நிலத்தில் இருக்கிறது. 364 ஏக்கர், ஆனால் சுற்றிலும் தண்ணீர், நீட்டிக்க வழியில்லை. அங்கே 1991-ல் கட்டிய பெரிய மரக் கோஸ்டர் ஒன்று பழசாகிக் குலுங்கி, யாரும் விரும்பாததாகிவிட்டது. இடிக்கவில்லை. மரச்சட்டத்தில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டு, மேலே புது எஃகுத் தண்டவாளம் போட்டு, 2018-ல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்று திறந்தார்கள். அதே இடத்தில் முன்னைவிட உயரமாக, தலைகீழாகச் சுற்றும் திருப்பங்களோடு. உன் வீட்டு அஸ்திவாரம் அப்பா போட்டது, நாலடி ஆழம், கருங்கல் என்று நீதான் பெருமையாகச் சொல்வாய். அது இன்னொரு மாடியைத் தாங்குமா என்று நல்ல ஸ்ட்ரக்சுரல் ஆள் ஒருவரை வைத்துப் பார். மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்வதை நம்பாதே.

இங்கேயே திரும்பி வருகிறேன். 2016 ஜூன் கடைசியில் டாரோன் வந்தது. அதற்காக க்ளூக்ஹைம் என்று ஒரு கற்பாறைக் கிராமத்தையே கட்டினார்கள். பாறை எல்லாம் செயற்கை. கருங்கல் தூண்கள் மாதிரி உயர உயரமாக நிற்கும் சுவர்கள், கண்ணுக்கு விருந்து. அதோடு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் காதுக்கும் நல்லது, சத்தம் வெளியே போகாது. வண்டி மணிக்கு 117 கிலோமீட்டர் வரை போகிறது. தண்டவாளம் 1,320 மீட்டர். இந்த வேகத்துக்கு ஆரம் எவ்வளவு வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். ஆனால் அது அடங்கியிருக்கும் இடம் அவ்வளவு பெரிசில்லை. தண்டவாளத்தை முறுக்குக்கு மாவு பிழிவதுபோலப் பிழிந்திருக்கிறார்கள். தன்னையே தாண்டி, தன்னடியிலேயே நுழைந்து, பக்கத்தில் ஓடும் ராய்க் என்ற சின்ன வண்டியையும் ஒட்டிக்கொண்டு போகிறது. இப்படித் தண்டவாளம் குறுக்கே கடக்கும் இடங்கள் பூங்கா சொல்லும் கணக்கில் 116. வழக்கமான கோஸ்டரைப்போலச் சங்கிலியில் இழுத்து மலையேற்றுவதும் இல்லை. காந்த மோட்டார் தள்ளிவிடுகிறது, நடுவழியில் இன்னொரு தடவையும் தள்ளுகிறது. அந்த நீண்ட ஏற்றத்துக்கான இடம் மிச்சம். நான் மேலே ஏறும்போது ராமா ராமா என்று சொல்லிக்கொள்ளும் நேரமும் மிச்சம்.

அப்புறம் 2020 செப்டம்பரில் ரூக்பர்க். ஒரு பழைய தொழிற்சாலை நகரம் மாதிரி செங்கலும் இரும்புமாகக் கட்டி, அதற்குள் எஃப்.எல்.ஒய். என்ற பறக்கும் கோஸ்டர். உட்கார்ந்து ஏறுவோம், கொஞ்ச நேரத்தில் இருக்கை நம்மைக் குப்புறச் சாய்த்துவிடும், வயிற்றை மண்ணுக்குக் காட்டிக்கொண்டு 1,236 மீட்டர் பறக்க வேண்டும். அதே கட்டடக் கூட்டத்தில் ஓர் ஓட்டலையும் சேர்த்துவிட்டார்கள். அறைகள் கப்பல் கேபின் அளவு. ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் கத்திக்கொண்டே பறந்து போகிறார்கள். என் அக்கா வந்திருந்தபோது ஓர் இரவு தங்கலாமா என்று கேட்டேன். "ராத்திரி எந்தப் பிசாசுடா ஓடும்?" என்றாள். மூடியபின் ஓடாது என்று சொல்லியும் அவள் நம்பவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மாப்ள. இடம் இல்லாத ஊரில் புதுசு வருவதென்றால் பழசு போக வேண்டும். டாரோன் நிற்கும் இடத்தில் முன்பு சில்வர் சிட்டி என்று ஒரு கௌபாய் நகரம் இருந்தது. அதற்குள் வெள்ளிச் சுரங்கம் என்று மெதுவான ரயில். பொம்மைகள் கையை ஆட்டும், துப்பாக்கி டப்பென்று வெடிக்கும், ஒரு பொம்மையின் தாடை பாதியிலேயே நின்றுவிடும். கல்யாணமாகி நாங்கள் இங்கே வந்த முதல் வருஷம், ஒரு நவம்பர் குளிரில், கையில் ஜெர்மன் மொழி அகராதியோடு அதில்தான் முதலில் ஏறினோம். வெளியே குளிர் தாங்கவில்லை, உள்ளே கதகதப்பு, அதனால் மூன்று தடவை. 2014-ல் இடித்துவிட்டார்கள். டாரோன் எனக்குப் பிடித்த வண்டி, உலகத்திலேயே நல்ல கோஸ்டர்களில் ஒன்று என்று விஷயம் தெரிந்தவர்களே சொல்கிறார்கள், நானும் ஒத்துக்கொள்வேன். இருந்தாலும் அங்கே வரிசையில் நிற்கும்போதெல்லாம் என் மனைவி ஒரு மூலையைக் காட்டி, "அந்த அரைத்தாடைக்காரன் இங்கேதான் இருந்தான்" என்பாள். ரூக்பர்க் இருக்கும் இடத்திலும் வேறொன்று இருந்தது. நாளைக்கு எது போகும் என்று எங்கள் வீட்டில் பந்தயமே நடக்கிறது.

காட்டை அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று நீ என்னைக் கேட்டால், கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மரத்துக்காக மட்டும் இல்லை. நிறைய நிலம் கிடைத்திருந்தால் டாரோன் இப்படி வந்திருக்காது என்று நினைக்கிறேன். கான்கிரீட் மைதானத்தின் நடுவில், வேலிக்குள், ஒரு நீளமான இரும்புக்கோடாக நின்றிருக்கும். ஆனால் அந்த வெள்ளிச் சுரங்கம் இன்னும் இருந்திருக்கும் என்பதும் உண்மைதான். இரண்டையும் ஒன்றாக யோசித்தால் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடிவதில்லை, விட்டுவிடுகிறேன்.

நேற்றைய கதையைச் சொல்லவில்லையே. சின்னவளுக்குப் பன்னிரண்டு முடியப் போகிறது. டாரோனில் ஏற 1.40 மீட்டர் உயரம் வேண்டும். போன வருஷம் ஒரு சென்டிமீட்டர் குறைந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், வீடு வரும்வரை பேசவில்லை. இந்த வருஷம் உயரம் பார்க்கும் கட்டையில் நிமிர்ந்து நின்று தாண்டிவிட்டாள். கிளம்பினோம். நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன், லாக்கரில் வைக்கவில்லை. அந்த வேலையாள் பெண் சொல்லத்தான் செய்தாள், நான்தான் கேட்கவில்லை. இரண்டாவது தள்ளலில் கண்ணாடி எங்கேயோ பறந்தது. இப்போது செயற்கைப் பாறைக்கு நடுவில் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ. பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னித்துக்கொள். மகளோ இறங்கியதும் "அப்பா, இன்னொரு தடவை" என்றாள். எனக்கு முழங்கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. போனேன்.

தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சி ராட்டினக்காரரை நினைத்துப் பார்த்தேன். அவருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. மைதானம் கொடுத்த அளவுக்கு ராட்டினம் கட்டுவார், மாசம் முடிந்தால் அவிழ்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர் போய்விடுவார். நீ மூன்றாவது சுற்றில் வாந்தி எடுத்ததை உன் பிள்ளைகளிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்லட்டுமா?

உன் வீட்டுக்கு வருகிறேன். மேற்கு மனைக்காரரிடம் இனிமேல் போய் நிற்காதே. மாடியில் பையனுக்கு அறை, கிணற்றுப் பக்கம் இருக்கிற அந்த விறகுக் கொட்டடியை அம்மாவின் குளியலறையாக்கு, கழிவுநீர்க் குழாய் கிணற்றிலிருந்து தள்ளிப் போகட்டும். மாடிப்படியை வெளியே எடுத்துவிட்டால் உள்ளே ஓர் அறை அளவு மிச்சமாகும். வேம்பு படிக்கு நிழல். வளைவுப் படி போடலாம் என்று மேஸ்திரி எழுதியிருக்கிறார், அம்மா மேலே துணி காயப் போட ஏறுவாள், அதனால் நேர்ப்படியே போதும். அந்த வேம்பின் அடிமரம் சுவரிலிருந்து எத்தனை அடி என்று படத்தில் இல்லை. டேப் வைத்து அளந்து எழுது.

உன் பங்காளி

பி.கு.: அம்மாவின் சர்க்கரை இப்போது எவ்வளவு? போன கடிதத்தில் மருந்து மாற்றியதாக எழுதினாய், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.