குழலும் ஃபிடிலும் இல்லாத ஃபோக் மெட்டல்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் ஃபோக் மெட்டல் பற்றி, அதாவது நாட்டுப்புற இசையை ஹெவி மெட்டல் ராக்கோடு கலக்கிற இசை பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஒரு புல்லாங்குழலையும் ஃபிடிலையும் சேர்த்துவிட்டால் அதுதான் ஃபோக் மெட்டல் என்கிற மாதிரி ஒரு வரி வருகிறதே, அதை என்னால் அப்படியே விட முடியவில்லை. ஃபாரோ தீவுகளின் டீர் குழு 2008இல் வெளியிட்ட 'லேண்ட்' ஆல்பத்தைக் கட்டுரையாளர் ஒருமுறை கேட்க வேண்டும். குழுவில் நாலே பேர். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ். நாட்டுப்புறம் எங்கே இருக்கிறது என்றால், மெட்டிலும் சேர்ந்து பாடுகிற குரல்களிலும்தான்.

நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுக்கடலில் கிடக்கிற 18 தீவுகள்தான் ஃபாரோ. அங்கே பழைய கதைப்பாட்டுக்குப் பக்கவாத்தியமே கிடையாது. எல்லாரும் கைகோத்து வளையமாக நின்றுகொண்டு, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்ள, இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் ஒரு அடி என்று நகர்ந்துகொண்டே பாடுவார்கள். இடம் போதாவிட்டால் வளையம் உள்ளுக்குள்ளேயே மடங்கிப் போகும், எதிரே வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டியதுதான். தரையில் விழுகிற காலடிதான் தாளம்.

அந்தக் காலடியை டிரம்ஸ் எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று தெரிய இந்த ஆல்பத்தின் 'சிங்க்லர்ஸ் வீசா' பாட்டு ஒன்று போதும். 1612இல் ஸ்காட்லாந்திலிருந்து உப்புக்கடல் தாண்டி நார்வேயில் இறங்கிய கூலிப்படையை, அங்கத்திய உழவர்கள் மலைப்பாதையில் மறித்து அழித்த கதை. நார்வேக் கவிஞர் ஒருவர் எழுதிய பாட்டு, ஃபாரோக்காரர்கள் அதைத் தங்கள் ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பாடகர் ஹெரி யோன்சனோடு மற்றவர்களும் குரல் சேர்க்கும்போது முப்பது நாற்பது பேர் தோளோடு தோள் நின்று பாடுகிற கனம் வந்துவிடுகிறது.

அப்புறம் 'ஓஷன்' பத்து நிமிடம், தலைப்புப் பாட்டு பதினாறு நிமிடம். ப்ரோக்ரெஸிவ், அதாவது நீளமும் சிக்கலுமான அமைப்புள்ள ராக் இசை, என்றாலே வித்தை காட்டுவது என்று நினைப்பவர்கள் உண்டு, இங்கே அந்த நீளம் பயணத்தின் நீளம். ஆல்பத்துக்குப் பேர்தான் நிலம். கேட்கக் கேட்க, பல நாள் தண்ணீரை மட்டுமே பார்த்தவர்கள் கரையை நினைத்துப் பாடுவதாகத்தான் எனக்குப் படுகிறது.

இந்தக் குழுவுக்கு அடுத்த இதழில் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். பாட்டு வரிகளின் பொருளையும் தமிழில் சேர்த்துப் போட்டால், ஃபாரோ மொழி தெரியாத என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்