அந்தப் புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜான் கிரீன் எழுதிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலைப் பள்ளி நூலகங்களில் வைக்கக் கூடாது என்று சென்ற இதழில் ஒரு தந்தை எழுதியிருந்தார். காதலும் புற்றுநோயும் சாவும் 14 வயதுப் பிள்ளையின் மனத்தைக் குலைத்துவிடும் என்பது அவர் கவலை. பெற்றவருக்கு அந்தக் கவலை வருவது இயல்புதான். ஆனால், 26 ஆண்டுகள் பள்ளி நூலகராக இருந்த என்னால் அவர் சொல்வதை ஏற்க முடியவில்லை.

2012இல் வெளிவந்த நாவல் இது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துப் பெண் ஹேசலுக்கு 16 வயது. தைராய்டில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டதால், போகுமிடமெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு போகிறாள். எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்த அகஸ்டஸுடன் காதல். இருவரும் ஆம்ஸ்டர்டாம் போனதும், நாஜிகளுக்குப் பயந்து ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி ஒளிந்திருந்த வீட்டின் செங்குத்தான படிகளில் ஹேசல் மூச்சுவாங்க ஏறியதும்தான் பலருக்கு நினைவிருக்கும். என் மனத்தில் நிற்பது அவளுடைய அம்மா.

ஹேசல் ஒருமுறை பிழைப்பதே அரிது என்ற நிலையில் கிடந்தபோது, இனி நான் அம்மாவாக இருக்க மாட்டேனே என்று அவள் அம்மா கணவரின் மார்பில் சாய்ந்து அழுகிறாள். மகளுக்கு அது கேட்டுவிடுகிறது. கேட்டது தெரியக் கூடாது என்று மகள் மறைக்கிறாள். அம்மாவோ சமூகப் பணி படிப்பதை மகளிடம் மறைக்கிறாள். தான் இல்லாத நாட்களுக்கு ஏற்பாடு நடக்கிறது என்று பிள்ளை நினைத்துவிடுவாளோ என்ற பயம். உண்மை வெளியே வரும்போது ஹேசலுக்குக் கோபம் வரவில்லை. தனக்குப் பிறகும் அம்மாவுக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்று சந்தோஷத்தில் அழுகிறாள்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தப் புத்தகத்தை மூன்றாவது முறையாகக் கேட்டு வந்தாள். அவள் அம்மாவுக்கு அப்போது கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. வீட்டில் அவளிடம் சொல்லியிருந்தது வயிற்றுப்புண் என்று. "டீச்சர், மருத்துவமனைச் சீட்டை நான் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது" என்றாள். பத்து நாள் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தபோது, நான் மேலே சொன்ன பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. அந்த இடத்தை மட்டும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டியதாகச் சொன்னாள். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

நோயை அழகாகக் காட்டுகிறது என்ற புகாரும் உண்டு. நள்ளிரவில் ஒரு பெட்ரோல் பங்கில், வயிற்றில் பொருத்திய குழாய் சீழ் பிடித்து, தன் வாந்தியிலேயே நனைந்து உட்கார்ந்திருக்கும் அகஸ்டஸைப் படித்தவர்கள் அப்படிச் சொல்வார்களா? ஒரு சிகரெட் பாக்கெட்டையாவது தானே போய் வாங்க வேண்டும் என்று கிளம்பியவன் அவன். இந்த வயதுப் பிள்ளைகள் இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுவார்களா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் குழந்தைகள் மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளராக இருந்தவர் கிரீன். தைராய்டு புற்றுநோயால் 16 வயதில் மறைந்த எஸ்தர் ஏர்ல் என்ற பெண்ணுக்கே நாவலைச் சமர்ப்பித்திருக்கிறார்.

அந்தத் தந்தை நாவலை முழுவதும் படித்தாரா என்பது அவர் கடிதத்திலிருந்து தெரியவில்லை. பிள்ளைக்கு முன் அவர் ஒருமுறை படிக்கட்டும். அதன் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், தம் பிள்ளையிடம் உட்கார்ந்து காரணத்தைச் சொல்லட்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி நூலகர்,
கும்பகோணம்.